மூடும்போதும் கணக்குக் காட்டுங்கள்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கும், தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலக் கால்பந்துச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ். ரேஷன் அட்டையில் இருப்பது மலையாளம். கிழக்கே வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று எங்கள் தென்னைகளை உலுக்கிவிட்டுத்தான் கோவைக்குப் போகும். அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பந்தாட்டம் ஆடிப் பேர் வாங்கியவன் அல்ல நான். பார்த்தவன், பார்த்ததையெல்லாம் தேதி போட்டு நீளக் குறிப்பேட்டில் எழுதி வைத்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்னை சிட்டி எஃப்சி என்ற கிளப்பைப் பற்றியது இந்த மடல். 2018-19இல் நாட்டின் தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் கோப்பையை வென்ற கிளப். 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்தப் பெயர் உங்கள் தேசிய லீக்கின் அட்டவணையில் இல்லை. ஒரு பருவத்தில் இருந்தது, அடுத்த பருவத்தில் இல்லை, அவ்வளவுதான். கோவை மைதானத்தின் படிகளில் உட்கார்ந்து கத்திய எங்களிடம் வந்து, "இனி வர வேண்டாம், கிளப் இல்லை" என்று சொன்னவர் எவரும் இல்லை. ஊரில் ஒரு மளிகைக் கடையை மூடினால்கூடக் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள். பாக்கி வைத்தவர்களுக்கும் பாக்கி தர வேண்டியவர்களுக்கும் சொல்லி அனுப்புவார்கள்.

2019 மார்ச் 9ஆம் தேதி மாலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளி. சென்னை சிட்டிக்குக் கோவை நேரு விளையாட்டரங்கில் ஆட்டம். எதிரணி, முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப். ஈஸ்ட் பெங்காலுக்குக் கோழிக்கோட்டில் ஆட்டம். எதிரணி கோகுலம் கேரளா. இரண்டும் ஒரே நேரத்தில். இந்திய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கணவாயின் கிழக்கு வாயில் கோவை. மேற்கே இறங்கிக் கடலைத் தொட்டால் கோழிக்கோடு. நடுவில் நாங்கள். எத்தனையோ ஆண்டுகளாகக் கொல்கத்தாவிலும் கோவாவிலும் முடிவாகி, மறுநாள் பத்திரிகையில் எங்களுக்கு வந்து சேர்ந்த ஒரு பட்டம், அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கத்திலும் முடிவாகிக்கொண்டிருந்தது.

நான் கோவைக்குப் போனேன். கோழிக்கோட்டில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் அங்கே இ.எம்.எஸ். மைதானத்துக்குப் போனான். "மாமா, நான் கோகுலத்துக்குக் கத்துகிறேன், அது உங்களுக்குத்தான் நல்லது" என்றான் காலையிலேயே. உண்மைதான். அன்று கோழிக்கோட்டுக்காரர்கள் தங்கள் அணிக்காகக் கத்திய ஒவ்வொரு கத்தலும் கோவைக்கு உதவி.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. பாதி நேரம் வரை அப்படியே. படிக்கட்டுகளில் பேச்சே இல்லை. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் கையில் பிரித்த கடலைப் பொட்டலத்தை மறந்து அப்படியே வைத்திருந்தார். இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. பெட்ரோ மான்சி போட்டார். அந்தப் பருவத்தில் அவர் அடித்த 21ஆவது கோல் அது. பிறகு கௌரவ் போரா. அசாமிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர், கோல் அடிக்கும் வேலை அவருடையது அல்ல; அன்று அடித்தார். 2-1. கோழிக்கோட்டிலிருந்து போன் வந்தது: கோகுலம் முந்திவிட்டது. எங்கள் வரிசை முழுக்க அந்தச் செய்தி கைமாறிப் போனதை நான் பார்த்தேன். பிறகு மறுபடி போன். குரல் இறங்கியிருந்தது. ஈஸ்ட் பெங்கால் சமன் செய்துவிட்டது, இன்னொன்றும் போட்டுவிட்டது. இப்போது கணக்கு மாறிவிட்டது. மினர்வா ஒரு கோல் திருப்பிவிட்டால் பட்டம் கொல்கத்தாவுக்கு. கணக்கு வாத்தியாருக்குக் கூட்டல் கழித்தல் அத்தனை பயமாக இருந்த மாலை வேறொன்று இல்லை. கூடுதல் நேரத்தில் போரா இரண்டாவது முறையாகப் போட்டார். 3-1. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி. முன்வரிசைப் பெரியவர் திரும்பி, முன்பின் தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது.

அந்த வெற்றி ஏதோ பணக்கார அணி வாங்கிய வெற்றி அல்ல. இந்தக் கிளப்பின் வேர் 1946இல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரில் ஊன்றப்பட்டது. சென்னை லீக்கில் ஆடி வளர்ந்து, பெயரை மாற்றிக்கொண்டு, 2016-17 பருவத்தில் ஐ-லீக்குக்குள் வந்தது. முதல் பருவம் சென்னையில். அடுத்த பருவத்தில் கோவைக்கு இடம் மாறியது. பெயர் சென்னை, மண் கோவை. பார்க்க வருபவர்களில் திருப்பூரும் பொள்ளாச்சியும் பாலக்காடும் உண்டு. பெயரைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் கவலைப்படவில்லை. தமிழ் பேசும் எங்கள் ஊர்கள் கேரளத்தில் இருப்பதைப் போலத்தான் அதுவும் என்று எடுத்துக்கொண்டோம். கோவைக்கு வந்த முதல் ஆண்டு அணி கீழ்வரிசையில் தத்தளித்தது. 2018-19க்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். ஸ்பெயினிலிருந்து ஆட்டக்காரர்கள் சிலர் வந்தார்கள். அவர்களோடு தமிழ்ப் பையன்களைக் கலந்தார். பந்தைத் தரையிலேயே உருட்டி ஆடுகிற ஆட்டம். மான்சியும் நெஸ்டர் கோர்டில்லோவும் நடுவில் பந்தைப் பரிமாறிக்கொள்ளும்போது, ஓரத்தில் ரொமாரியோ ஜேசுராஜ் ஓடத் தயாராக நிற்பதையும், எட்வின் சிட்னி வான்ஸ்பால் களம் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதையும் பார்க்க வேண்டும். ஜேசுராஜ் என்ற பெயர் தேசிய லீக்கில் அழைக்கப்படுவதைக் கேட்பதற்காகவே என் மாணவர்கள் சிலர் என்னோடு பஸ் ஏறினார்கள்.

அதே ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப் இதில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. சூப்பர் கோப்பையில் பெங்களூரு எஃப்சியைச் சென்னை சிட்டி வீழ்த்தியது. இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். போட்டியின் சாம்பியனை ஐ-லீக் சாம்பியன் தோற்கடித்தது என்பதைக் கொட்டை எழுத்தில் என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். 2020 தொடக்கத்தில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் தோற்றது. பிறகு ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடத் தொடங்கியது. கொரோனாவால் அந்தக் கோப்பையே கைவிடப்பட்டது. 2020-21 லீக் மேற்கு வங்கத்தில் பூட்டிய மைதானங்களில் நடந்தது. மான்சி ஜப்பானுக்குப் போயிருந்தார். எங்கள் மண்ணில் ஒரு ஆட்டமும் இல்லாமல் அந்தப் பருவம் முடிந்தது. அதன்பின் கிளப்பும் இல்லை.

நிர்வாகிகளே, இது ஒரு முறை நடந்த விபத்து என்றால் நான் மனம் ஆறியிருப்பேன். எனக்கு இது மூன்றாவது முறை.

முதல் முறை நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: எனக்குக் கால்பந்துப் பித்து பிடித்ததே தமிழ்நாட்டு மண்ணில்தான். 1992இல் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைப் போட்டி கோவையில் நடந்தது. மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வி.பி. சத்யன் தலைமையிலான கேரள அணி இறுதி ஆட்டத்தில் கோவாவை 3-0 என வென்றது. பாலக்காட்டிலிருந்து அத்தனை ஜனம் கணவாயைத் தாண்டி வந்திருந்தது. அந்தக் காலத்தில் கேரள ஆட்டக்காரர் என்றால் ஏதாவதோர் அலுவலகத்தின் ஊழியர். கேரள போலீஸ், டைட்டானியம், பிரீமியர் டயர்ஸ் என்று துறைகளும் ஆலைகளும் அணி வைத்திருந்தன. கேரள போலீஸ் 1990இலும் 91இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. சத்யனே பின்னாளில் சென்னைக்குப் போய் இந்தியன் வங்கிக்கு ஆடினார். கால் போனாலும் வேலை இருக்கும் என்ற நிம்மதியோடு ஆடிய தலைமுறை அது.

1997இல் எஃப்சி கொச்சின் வந்தது. கேரளத்தின் முதல் முழுத் தொழில்முறைக் கிளப். அலுவலக வேலை கிடையாது, ஆட்டமே வேலை, ஆட்டத்துக்கே சம்பளம். ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, கார்ல்டன் சாப்மன் எல்லோரும் ஒரே சட்டையில். பிறந்த ஆண்டிலேயே டெல்லியில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 3-1 என வீழ்த்தியது. அதற்கு முன் கேரளத்திலிருந்து எந்த அணியும் டூரண்ட் கோப்பையைத் தொட்டதில்லை. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த அணியில் இன்னொரு விஜயன் இருந்தார்: தமிழ்நாட்டுக்காரரான ராமன் விஜயன். 1997-98 தேசிய லீக்கில் 10 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவர் அவர்தான். பள்ளிக்கூடத் திண்ணையில் "உனக்கு எந்த விஜயன்?" என்று கேட்டு அணி பிரித்து ஆடுவோம். நான் எப்போதும் ராமன் விஜயன் பக்கம். பிறகு பணமுடை வந்தது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 2002இல் கிளப் முடிந்தது. ஐந்தே ஆண்டு.

இரண்டாவது முறை விவா கேரளா. 2004இல் பிறந்து, 2007இல் ஐ-லீக்கின் முதல் பருவத்திலேயே ஆடி, கீழிறங்கி, மீண்டும் ஏறி வந்த அணி. நட்சத்திரங்கள் இல்லாமல் மலபார்ப் பையன்களை வைத்துக் கட்டியது. 2011இல் கொல்கத்தாவின் சிராக் நிறுவனம் வாங்கிப் பெயரை மாற்றியது. மறு ஆண்டே கீழிறங்கியது, கலைந்தது. இதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடிகிறது. எனக்கு மனம் வரவில்லை.

எஃப்சி கொச்சின் 1997 முதல் 2002 வரை. விவா கேரளா 2004 முதல் 2012 வரை. சென்னை சிட்டி தேசிய லீக்கில் 2016-17 முதல் 2020-21 வரை. இந்தத் தேதிகளைக் கரும்பலகையில் எழுதினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட "சார், எட்டு வருஷத்துக்கு மேல் ஒன்றுமே நிற்கவில்லையே" என்று சொல்லும்.

முதலாளிகள்மேல் முழுப் பழியையும் போட நான் வரவில்லை. சென்னை சிட்டி கோப்பையை வாங்கியபோது அதற்கு மேலே ஏறிப்போகப் படி இருந்ததா என்று உங்கள் மனத்தைக் கேட்டுப் பாருங்கள். 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. 2019இல் அதையே நாட்டின் முதல்நிலை லீக் என்று ஆக்கினீர்கள். ஐ-லீக் சாம்பியனுக்கு மேல் லீக்கில் இடம் என்பது 2022-23 பருவத்தின் வெற்றியாளருக்குத்தான் முதன்முதலில் கிடைத்தது, பஞ்சாப் ஏறியது. அதற்கு முன் வென்ற சென்னை சிட்டிக்கு இல்லை. 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற கோகுலம் கேரளாவுக்கும் இல்லை. கேரளத்துக்கு முதல் தேசிய லீக் பட்டத்தைக் கொண்டுவந்த கிளப் கோகுலம். அதே பட்டத்தை மறு ஆண்டும் தக்கவைத்தது. 2022 மே 14 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், முகமதன் ஸ்போர்ட்டிங்கை அவர்கள் ஊரிலேயே 2-1 என வென்று வாங்கியது. அத்தனைக்கும் பிறகு அதே லீக்கில் அடுத்த ஆண்டும் ஆடியது. பத்தாம் வகுப்பில் முதலிடம் வாங்கிய பிள்ளையை மறுபடி பத்தாம் வகுப்பிலேயே உட்கார வைத்தால் அந்தப் பிள்ளையின் தகப்பன் எத்தனை ஆண்டு கட்டணம் கட்டுவான்?

அந்தக் கோகுலத்தின் பெண்கள் அணி 2022 ஆகஸ்ட்டில் ஆசியக் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்த வேளையில்தான், ஃபிஃபா உங்கள் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. தாஷ்கந்து வரை போன பெண்கள் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் திரும்பினார்கள். கூட்டமைப்புக்குள் நடந்த தகராறில் அந்தப் பெண்களுக்கு என்ன பங்கு? இதைப் பழைய கதை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கிளப்பின் வாழ்வும் சாவும் உங்கள் மேசையில் எடுக்கும் முடிவுகளாலும் தீர்மானமாகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது என் மாணவன் ஒருவனைப் பற்றி. பெயர் வேண்டாம். அவன் சேர்ந்த கிளப்பின் பெயரும் வேண்டாம். மேலே சொன்ன கிளப்புகளோடு அதைச் சேர்த்துப் பார்க்கவும் வேண்டாம். தென்னந்தோப்புக் காவல்காரரின் மகன். இடது கால்காரன். ஒரு கிளப்பின் இளையோர் அணியில் இடம் கிடைத்தது. ஊரே பஸ் ஏற்றிவிட்டது. இரண்டு பருவம் இருந்தான். மூன்றாவது பருவத்தில் பயிற்சி நின்றது. அலுவலக எண்ணை யாரும் எடுக்கவில்லை. அவன் பெயர் அந்தக் கிளப்பின் ஆட்டக்காரனாகப் பதிவாகியிருந்ததால், வேறு அணிக்குப் போக அந்தக் கிளப்பின் தடையின்மைக் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் கொடுக்க ஆளில்லை. நானும் அவனும் கோவைக்கு மூன்று முறை போனோம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அவன் என்னைக் கேட்டான்: "சார், நான் இப்போது எந்த டீம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதினேழு வயதில் ஓர் ஆண்டு என்பது கால்பந்தில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அவன் செவன்ஸ் ஆடுகிறான். அறுவடை முடிந்த வயல்களில் மூங்கிலும் கமுகும் கட்டிப் படி எழுப்பி, இரவில் விளக்குப் போட்டு நடக்கும் அந்த ஏழு பேர் ஆட்டத்தை உங்கள் சங்கங்கள் அங்கீகரிப்பதில்லை. ஆனாலும் அவன் சொல்வது இது: "இரவு ஆட்டம் முடிந்தால் இரவே காசு கையில் வந்துவிடும் சார்." செவன்ஸ் நடத்தும் கமிட்டிக்காரர்களுக்கு உரிமம் கிடையாது, தணிக்கையாளர் கிடையாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால் அடுத்த ஊரில் தலைகாட்ட முடியாது என்ற பயம் மட்டும் இருக்கிறது. உங்களுடைய உரிமம் பெற்ற கிளப்புகளுக்கு அந்தப் பயத்தை யார் வைப்பது?

எங்கள் சித்தூரில் தண்ணீர்க் கணக்கு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஆழியாற்று நீர் தமிழ்நாட்டிலிருந்து சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும். ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. 1958 முதலே நடப்பில் இருப்பதாக எழுதிக்கொண்டார்கள். மணக்கடவு தடுப்பணையில் நீரை அளக்கிறார்கள். ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது நீராண்டு. இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து உட்காரும் வாரியம் ஒன்று இருக்கிறது. சண்டை இல்லாமல் இல்லை. நெல் காயும்போது எங்கள் விவசாயிகள் சாலையில் உட்காருவார்கள். ஆனால் எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்ற எண் எல்லோர் கையிலும் இருக்கிறது. எண் இருப்பதால்தான் கேட்க முடிகிறது.

கிளப் விஷயத்தில் எங்களுக்கு அந்த எண் வேண்டும்.

உரிமம் தரும்போது நீங்கள் நிறையக் கேட்கிறீர்கள். மைதானம் எங்கே, பயிற்சியாளரின் சான்றிதழ் என்ன, இளையோர் அணி இருக்கிறதா, வரவுசெலவுக் கணக்கு எங்கே என்றெல்லாம் கேட்பது நல்லதே. நுழையும் வாசலில் இத்தனை கேள்வி இருக்கிறது; வெளியேறும் வாசலில் ஒருவரும் நிற்பதில்லை. ஒரு கிளப் தேசிய லீக்கிலிருந்து விலகினாலோ விலக்கப்பட்டாலோ, 90 நாளுக்குள் ஒரு முடிவறிக்கை வெளியிட வேண்டும் என்று விதி செய்யுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் போதாது, அந்த ஊர் மொழியிலும் இருக்க வேண்டும். ஆட்டக்காரர், பயிற்சியாளர், புல் வெட்டியவர், பஸ் ஓட்டியவர் என்று யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அதில் வர வேண்டும். தனி மனிதர் பெயர் வேண்டாம், தொகை வரட்டும். அந்தப் பாக்கியைத் தீர்க்க, உரிமம் தரும் நாளிலேயே ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான வைப்புத்தொகையை உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் கம்பெனி நடத்துபவரிடமே அரசு வைப்புத்தொகை கேட்கிறது. இளைஞர்களின் காலை வைத்துக் கிளப் நடத்துபவரிடம் கேட்பதில் தவறில்லை. பணம் போட முன்வரும் நாலு பேரும் ஓடிவிடுவார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆறு மாதச் சம்பளத்தை முன்கூட்டி எடுத்து வைக்க முடியாதவர் ஆறாவது மாதத்தில் ஓடுவார். முதல் நாளிலேயே ஓடட்டும்.

இளையோர் அணிப் பிள்ளைகளின் பதிவு, கிளப் நின்ற அன்றே தானாக விடுபட வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், கூட்டம் வேண்டாம். பதிவுகளெல்லாம் உங்கள் கணினியில்தான் இருக்கின்றன. இந்த மடலில் ஒன்றையாவது செய்ய உங்களுக்கு மனம் இருந்தால் இதை முதலில் செய்யுங்கள்.

கடைசியாக, கோப்பைகளும் காகிதங்களும். கிளப் யாருடைய சொத்து என்ற வழக்குக்கு நான் வரவில்லை. சட்டப்படி அது கம்பெனியுடையது. ஆனால் 2019 மார்ச் 9 யாருடையது? அன்றைய ஆட்டக் குறிப்பு, அணிப் பட்டியல், சட்டை, படங்கள், கேடயம் இவையெல்லாம் கிளப் மூடப்படும்போது ஊருக்கு வர வேண்டும். கோவையில் ஆடிய கிளப் என்றால் கோவையில் ஒரு பொது நூலகத்திலோ கல்லூரியிலோ ஓர் அலமாரி. எஃப்சி கொச்சினுக்குக் கொச்சியில் ஓர் அலமாரி. சங்க அலுவலகத்துக்குள் பூட்டி வைப்பது வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற மாதிரி இருக்கட்டும். என் வகுப்பில் இப்போது இருக்கும் பிள்ளைகளுக்குக் கேரளா பிளாஸ்டர்ஸ் தெரியும், ரியல் மாட்ரிட் தெரியும். வேலந்தாவளத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இந்தியாவின் சாம்பியன் அணி ஆடியது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு பெண் எழுந்து, "சார், நிஜமாகவா?" என்று கேட்டாள். என்னிடம் இருந்த படத்தைக் காட்டினேன். கைபேசியில் எடுத்த, ஆடிப்போன படம். அதில் மைதானத்தைவிட முன்வரிசைப் பெரியவரின் தலைதான் பெரிதாகத் தெரிகிறது.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஃபின்லே கேடயத்துக்குக் கால்பந்துப் போட்டி நடக்கிறது. தோட்டத்துக்கு ஓர் அணி; பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். கம்பெனி கைமாறியது, பெயர் மாறியது, போட்டி நிற்கவில்லை. எங்கள் உறவினர் ஒருவர் அங்கே லயத்து வீட்டில் இருக்கிறார். எந்த ஆண்டு எந்த எஸ்டேட் வென்றது என்று விரல்விட்டுச் சொல்வார். லட்சங்களில் சம்பளம் தரும் கிளப்புகளுக்கு அந்த ஆயுள் இல்லை. ஆயுளைத் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு கிளப் நொடித்துப்போகலாம். மனிதர் நடத்தும் எதுவும் நொடிக்கக்கூடியதே. மூடும்போது சொல்லிவிட்டு மூட வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

2024இல் கேரளத்தில் சூப்பர் லீக் என்று ஆறு அணிகளோடு புதிய போட்டி தொடங்கியிருக்கிறது. கோழிக்கோடு, கொச்சி, மலப்புரம், திருச்சூர், கண்ணூர், திருவனந்தபுரம். முதல் கோப்பையைக் கோழிக்கோடு வாங்கியது. கூட்டம் வருகிறது என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். பாலக்காட்டுக்கு அதில் அணி இல்லை. நாளை வரலாம், வந்தால் முதல் நாள் முதல் வரிசையில் நான் இருப்பேன். கோவைக்கு மறுபடி ஓர் அணி வந்தாலும் பஸ் ஏறுவேன். அதற்காகத்தான் இப்போதே எழுதுகிறேன். அந்த ஆறு அணிகளிலும் எங்கள் மாணவன் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டிலும் யாரோ பஸ் ஏற்றிவிட்டு வந்து காத்திருக்கிறார்கள்.

என் குறிப்பேட்டில் சென்னை சிட்டி கோவையில் ஆடி நான் நேரில் பார்த்த ஆட்டங்கள் 19 இருக்கின்றன. தேதி, கோல் அடித்தவர், நிமிடம், பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னது வரை எழுதியிருக்கிறேன். எஃப்சி கொச்சின் காலத்துத் தமிழ், மலையாளப் பத்திரிகைத் துண்டுகள் அதன் பின்பக்கம் ஒட்டப்பட்டிருக்கின்றன. பசை காய்ந்து சில உதிரத் தொடங்கிவிட்டன. நகல் எடுத்து வைத்துவிட்டேன். அலமாரி எந்த ஊரில் வரப்போகிறது என்று தெரிவித்தால், அசலை நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கணக்கு ஆசிரியர்